என் பங்கு எவ்வளவு?

மனம் சீரானால் வாழ்க்கை சீராகும் என்று சொல்லும் புத்தகங்களுக்குத் தமிழில் இன்று குறைவில்லை. அந்த வரிசையில் மிக முற்பட்ட ஒன்று சிறைக்குள் தமிழானது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் சிறுநூலை ‘மனம்போல வாழ்வு’ என்று மொழிபெயர்த்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. தூத்துக்குடியில் வக்கீலாக இருந்துகொண்டே சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி நடத்தியவரை 1908 மார்ச் 12 அன்று கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது; துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும் 1912 டிசம்பர் வரை கோவையிலும் கண்ணனூரிலும் சிறைவாசம்தான். கோவையில் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். அப்படி ஒரு நிலையில் இருந்தவர் தமிழாக்கத் தேர்ந்தெடுத்த நூல் என்ன சொல்கிறது? ஒருவனுடைய எண்ணங்களே அவனுடைய சூழ்நிலையை உருவாக்குகின்றன என்கிறது.

நூலின் கருத்தும் மொழிபெயர்த்தவரின் நிலையும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. சிதம்பரம் பிள்ளையைச் சிறையில் தள்ளியது ஓர் அரசாங்கம். அவருடைய எண்ணத்தின் குறைபாடு எதுவும் அவரை அங்கே கொண்டுபோகவில்லை. இதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டிய தேவை இருந்திருக்காது. கைதாவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தைச் சுப்பிரமணிய சிவாவுடன் சேர்ந்து நடத்தியிருந்தார். கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு என்று கோரிக்கைகள் வைத்தார்கள். பிப்ரவரி இறுதியில் தொடங்கிய போராட்டத்துக்கு மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. மனத்தைத் திருத்திக்கொள்ளுங்கள், கூலி தானாக உயரும் என்று அவர் அந்தத் தொழிலாளர்களிடம் சொல்லவில்லை. அதே மனிதர், தனியே அடைபட்டபோது, தன் மனத்துக்குத் தானே பொறுப்பு என்று பேசும் நூலைக் கையில் எடுத்தார். அவர் உள்ளத்தில் என்ன ஓடியது என்று ஊகிக்க வேண்டாம். இரண்டையும் ஒருவரே செய்தார் என்பது போதும். இந்த இரண்டு செயல்களுக்கும் இடமளிக்கும் மனப்பாங்குதான் ஆரோக்கியமானது. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும் மனப்பாங்கு சீக்கிரமே நோயாகிவிடும். இந்த அத்தியாயம் வாதிடுவது இதைத்தான்.

அடிமையாகப் பிறந்த கிரேக்க அறிஞர் எபிக்டெட்டஸ், உலகத்தில் உள்ளவற்றை இரண்டாகப் பிரித்தார்: நம் வசம் உள்ளவை, நம் வசம் இல்லாதவை. இன்றைய சுயமுன்னேற்ற நூல்கள் பலவும் இந்தப் பிரிவினையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தாமிரபரணிப் பாசனத்தில் பயிர் வைப்பவருக்கு இந்தக் கணக்கு போதாது. பாபநாசம் அணையை எப்போது திறப்பார்கள், வடகிழக்குப் பருவமழை எப்போது வலுக்கும் என்பவை அவர் வசம் இல்லை. நாற்றங்காலைத் தயார் செய்வதும் வரப்பை வெட்டிச் சீராக்குவதும் அவர் வசம் உள்ளவை. ஆனால் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்றால் அதை ஒருவர் தனியாகச் சரிசெய்ய முடியாது. நாற்பது பேர் சேர்ந்து வாய்க்காலைத் தூர்வாரினாலோ, ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் நின்றாலோ முடியும். கார், பிசானம் என்று இரண்டு போகமும் பார்த்த ஊர்களுக்கு இந்த மூன்றாவது வகை புதிதல்ல. வாழ்க்கையில் எது நடந்தாலும், ‘இதில் என் பங்கு எவ்வளவு, பிறர் பங்கு எவ்வளவு, சேர்ந்து செய்யவேண்டியது எவ்வளவு’ என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தையே இந்த அத்தியாயம் முழுவதும் பரிந்துரைக்கிறேன். கேட்க எளிது. ஆனால் நாம் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. துயரம் வந்தால் முழுவதையும் நம் தலையில் போட்டுக்கொள்கிறோம். அல்லது முழுவதையும் பிறர் தலையில் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

முதலில் நம்மையே எடுத்துக்கொள்வோம். தன்னை உயர்வாக நினை, கண்ணாடி முன் நின்று ‘நான் சிறந்தவன்’ என்று தினமும் சொல் என்பது பரவலாகக் கிடைக்கும் அறிவுரை. கனடாவில் உளவியலாளர் ஜோன் உட்டும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ‘நான் அன்புக்குரியவன்’ என்ற பொருள்படும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது, ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டவர்களுக்குச் சிறிதளவு பலன் கிடைத்தது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களோ, அந்த வாக்கியத்தைச் சொல்லாத அதே மனநிலைக்காரர்களைவிட மேலும் சோர்ந்துபோனார்கள். யாருக்கு மருந்து தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. உள்ளே நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, அதற்கு எதிரான சாட்சிகளையெல்லாம் மனம் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கிவிடும். தன்னைத் திட்டிக்கொள்ளும் பழக்கத்துக்குத் தன்னைப் புகழ்ந்துகொள்வது மாற்று ஆகாது. இரண்டுமே தீர்ப்புகள். தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு நடந்ததைக் கணக்கெடுப்பதே உதவும்.

அதற்கான வழியொன்றைத் தாமிரபரணிப் பகுதியில் பிறந்த ஒருவர் காட்டியிருக்கிறார். பத்தமடையில் 1887-இல் பிறந்து, மலேயாவில் மருத்துவராகப் பத்தாண்டுகள் பணியாற்றி, பிறகு ரிஷிகேசம் சென்று 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர், தம் சீடர்களை நாட்குறிப்பு எழுதச் சொன்னார். எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் தூங்கினாய், எத்தனை முறை கோபப்பட்டாய், எத்தனை பொய் சொன்னாய் என்று அதில் கட்டங்கள் இருக்கும். மருத்துவர் நோயாளியின் சுரத்தைக் குறித்துவைப்பதுபோலப் பெரும்பாலும் எண்களே இருக்கும். ‘நான் கெட்டவன்’ என்று எழுத அதில் இடமில்லை. அந்த நாட்குறிப்பில் தவறுக்கு என்ன சுயதண்டனை என்றும் ஒரு கேள்வி உண்டு. துறவு நெறியில் அதற்கு ஓர் இடம் இருக்கலாம். வீட்டையும் வேலையையும் சுமந்து நடப்பவர்கள் அந்தக் கட்டத்தை விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. தன்னைத் தண்டித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் குறிப்பு எழுதுவதையே சீக்கிரம் நிறுத்திவிடுவார்கள். தண்டனை காத்திருக்கும் இடத்தில் யார்தான் உண்மையை எழுதுவார்கள்? படுக்கப் போகுமுன் ஐந்து வரி போதும். இன்று என்ன நடந்தது, அதில் நான் செய்தது என்ன, பிறர் செய்தது என்ன, யாரும் செய்யாமல் நேர்ந்தது என்ன என்று எழுதுங்கள். ‘மேலதிகாரி கத்தினார்’ என்பது ஒரு வரி. ‘கோப்பை இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தேன்’ என்பது இன்னொரு வரி. இரண்டையும் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

இந்தக் கணக்கு மிக அவசரமாகத் தேவைப்படுவது தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு. பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமைக்கு நியாயம் உண்டு. யோவான் கல்லூரி, சாராள் தக்கர் கல்லூரி, சவேரியார் கல்லூரி, சதக்கத்துல்லா அப்பா கல்லூரி என்று தலைமுறை தலைமுறையாக எளிய குடும்பங்களைத் தூக்கிவிட்ட நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் படிப்பே ஏணி என்று நம்பும் ஊரில், படியில் கால் இடறிய பிள்ளை தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறது. டி.என்.பி.எஸ்.சி. நான்காம் தொகுதித் தேர்வைப் பாருங்கள்: சில ஆயிரம் இடங்களுக்குப் பல லட்சம் பேர் எழுதுகிறார்கள். எல்லோரும் ஒரே அளவு கடுமையாகப் படித்தாலும் மிகப் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்காது. இது வெறும் வகுத்தல் கணக்கு. ஆகவே ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற முடிவு தவறானது. ‘பொதுத்தமிழில் வந்த மதிப்பெண் பொது அறிவில் வரவில்லை, இன்னும் ஒரு முறை எழுதுவேன், அதோடு வேறொரு வேலைக்கும் விண்ணப்பம் போடுவேன்’ என்பது சரியான கணக்கு. பெற்றோரும் இதே மொழியில் பேசப் பழக வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் பிள்ளையின் பங்கைப் பெரிதாக்கி, மற்ற எல்லாக் காரணங்களையும் மறைத்துவிடுகிறது.

தன் மதிப்பைத் தன் செயலிலிருந்து எடுக்காமல் பிறப்பிலிருந்து இரவல் வாங்கிக்கொள்வது இதற்கு நேர் எதிரான நோய். இதைச் சொல்லாமல் திருநெல்வேலி மாவட்டத்தில் சுயமதிப்பைப் பற்றி நேர்மையாக எழுத முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படிக்கும் ஒரு தலித் மாணவரையும் தடுக்க வந்த அவருடைய தங்கையையும் உடன் படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடை செய்யவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பதினேழு வயதுப் பையனுக்குக் கயிறு எதற்கு என்று கேட்டால் சட்டம் பாதிதான் பதில் சொல்லும். நீ யார் என்ற கேள்விக்கு, தான் எதையும் செய்யாமலே கிடைத்த ஒரு விடையை வீடும் ஊரும் அவனுக்குக் கொடுத்திருக்கின்றன. அப்படி மதிப்பைப் பெற்றவனுக்கு, இன்னொருவன் உயர்ந்தால் தன் மதிப்பு குறையும் என்ற பயம் இருக்கும். சொந்த உழைப்பால் வரும் மதிப்புக்கு அந்தப் பயம் இல்லை. பிள்ளைக்கு ஒரு கைத்தொழிலோ, ஒரு விளையாட்டோ, வேறு தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும் ஒரு வேலையோ கொடுங்கள். தன்னால் முடிந்தது இது என்று காட்ட ஏதாவது இருப்பவனுக்குக் கயிறு தேவைப்படாது.

வேலையைப் பற்றிய மனப்பாங்குக்கும் பத்தமடைக்கே போகலாம். கோரைப் புல்லை அறுத்து, உலர்த்தி, தண்ணீரில் ஊறவைத்து, மயிரிழைபோல நுண்ணிதாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாக வைத்து நெய்யும் பத்தமடைப் பட்டுப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மிக நுண்ணிய பாய் ஒன்றை முடிக்க வாரக் கணக்கில் ஆகும். கீற்றின் மென்மை, கரையின் நேர்த்தி, சாயத்தின் பதம் எல்லாம் நெய்பவரின் பங்கு. விலை அவர் பங்கு இல்லை. அது பிளாஸ்டிக் பாயின் விலையையும் இடைத்தரகரின் கணக்கையும் பொறுத்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டால், விலை குறையும்போது கைத்திறனையே வெறுக்கத் தோன்றும். அமெரிக்காவில் ஏமி ரெஸ்னெஸ்கியும் பிறரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவும். வேலையை வெறும் சம்பளமாகப் பார்ப்பவர்கள், பதவி உயர்வுக்கான படியாகப் பார்ப்பவர்கள், அந்த வேலைக்காகவே அதைச் செய்பவர்கள் என்று மூன்று வகையினரை அவர்கள் கண்டார்கள். கல்லூரி அலுவலக உதவியாளர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, ஒரே வேலை செய்த அவர்களும் இந்த மூன்று வகையிலும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்திருந்தார்கள். வேலைக்கு அர்த்தம் பதவியின் உயரத்திலிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். வேலையை நேசி என்று சொல்வது முதலாளிக்கு வசதியான உபதேசமல்லவா? முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணிடம், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்கும் பெண்ணிடம், வேலையில் அர்த்தம் தேடச் சொல்வது கொடுமையல்லவா? ஆம், அதை மட்டும் சொன்னால் கொடுமைதான். புகையிலைத் தூளின் நெடியில் நாள் முழுவதும் குனிந்திருக்கும் வேலையை யாரும் நேசித்தாகவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். வேலையைச் சம்பளமாக மட்டும் பார்ப்பதும் மரியாதைக்குரிய மனப்பாங்கே. அந்தச் சம்பளத்தில் ஒரு மகள் படித்து முடித்தால், அர்த்தம் அங்கே இருக்கிறது. அந்தத் தாயின் பங்கில் இன்னொன்றும் சேரும்: பீடித் தொழிலாளர்களுக்கென 1966-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அடையாள அட்டை கையில் இருக்கிறதா, வருங்கால வைப்பு நிதி தன் பெயரில் ஒழுங்காக வரவாகிறதா, கடையில் நியாயமில்லாமல் கட்டுகளைக் கழிக்கிறார்களா என்று கேட்பதும், தனியாகக் கேட்க முடியாவிட்டால் சங்கத்தோடு போய்க் கேட்பதும் வேலையைப் பற்றிய நல்ல மனப்பாங்கின் பகுதிதான். கோரல் மில் தொழிலாளர்கள் தொழிலை வெறுத்ததால் வேலையை நிறுத்தவில்லை. மனிதர்களாக இருந்துகொண்டு வேலை செய்ய விரும்பினார்கள். தொழிலில் கருத்தும் கூலியில் கண்டிப்பும் ஒருவரிடம் சேர்ந்து இருக்க முடியும். நம் வீடுகளில் முதலாவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு இரண்டாவதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

தோல்வியும் வேலையைச் சேர்ந்ததே. சுதேசிக் கப்பல் கம்பெனி 1906-இல் பத்து லட்ச ரூபாய் மூலதனத்துக்குத் திட்டமிட்டு, பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய் என்று தொடங்கப்பட்டது. எதிரே நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தே நெருக்கியது. நிறுவியவர் சிறையில் இருக்கும்போதே கம்பெனி கலைந்தது. இதைத் தோல்வி என்று எழுதலாம். அதில் அவருடைய பங்கு எவ்வளவு? முயற்சியைத் தொடங்கியதும், மக்களிடம் பங்கு திரட்டியதும், கப்பலை வாங்கி ஓட்டியதும் அவர் பங்கு. எதிரியின் பணபலமும் அரசின் கையும் அவர் பங்கு அல்ல. என் பங்கைப் பார்க்கிறேன் என்று சொல்பவர்கள் சின்னக் காரியங்களோடு நின்றுவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுவார்கள். பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியைத் தொடங்கியவரைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. விடுதலைக்குப் பின் அவரிடம் வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னதும் இல்லை, சொத்தும் இல்லை. சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து பார்த்தார். அந்த ஆண்டுகளில் மெய்யறம் 1914-இல் வெளிவந்தது. திருக்குறள் மணக்குடவர் உரையை 1917-இல் பதிப்பித்தார். பின்னாளில் தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார், அதில் ஒரு பகுதியை எஸ். வையாபுரிப் பிள்ளையுடன் சேர்ந்து. கப்பல் போனது. ஏட்டைப் படித்து ஒப்பிடும் திறமை கையில் இருந்தது. இழந்த வேலையின் அளவுக்கு இன்னொரு வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பேன் என்று அவர் உட்காரவில்லை. ஐம்பது வயதில் வேலை போனவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை.

உறவுகளுக்கு வந்தால் பங்குக் கணக்கு இன்னும் கடினமாகிறது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற கேள்வி நம் கல்யாணங்களை, வீடு கட்டும் கடனை, பெண்ணின் படிப்பை, சில வேளைகளில் சாவு வீட்டுச் செலவைக்கூடத் தீர்மானிக்கிறது. இதற்கு மாற்றாகப் புதிய நூல்கள் சொல்வது, யாரைப் பற்றியும் கவலைப்படாதே, உனக்காக வாழ் என்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-இல் தொடங்கி, ஒரே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, முதுமையில் உடல்நலத்தோடும் மனநலத்தோடும் நெருங்கிய தொடர்புள்ளதாகக் கண்டது நல்ல உறவுகளைத்தான். பாகப்பிரிவினையில் ஒரு சென்ட் நிலத்துக்காக அண்ணன் தம்பி இருபது வருடம் பேசாமல் இருக்கும் ஊர்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். ஆனால் உறவைக் காப்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று பொருள் இல்லை. மதினியின் மனத்தாங்கலுக்கு நான் சொன்ன ஒரு சொல் காரணமென்றால் நேரில் போய் வருத்தம் தெரிவிப்பது என் பங்கு. அவர் மன்னிப்பது அவர் பங்கு. அதை நான் வற்புறுத்திப் பெற முடியாது. மருமகள் மாமியார்போலச் சமைக்கவில்லை என்ற குறை, மருமகளின் பங்கே அல்ல.

மனிதரையும் செயலையும் பிரித்துப் பார்ப்பதும் இந்தக் கணக்கின் பகுதியே. ஆங்கிலேய ஆட்சி சிதம்பரம் பிள்ளையிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தது. பல ஆண்டுகள் கழித்து, இழந்த வக்கீல் சன்னது அவருக்குத் திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியில் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஆட்சியின்மேல் இருந்த எதிர்ப்பை அவர் விட்டுவிடவில்லை. அந்த ஆட்சியில் இருந்த ஒரு மனிதர் செய்த நன்மையை மறுக்கவும் இல்லை. நம்மில் பலர் ஒரு வீட்டோடு பகை என்றால் அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்தும் சிரிப்பதில்லை. அவரிடம் கற்கவேண்டியது இன்னொன்றும் உண்டு: வறுமைக் காலத்தில் நண்பர்களிடம் கடிதம் எழுதி உதவி கேட்டார். கேட்பதில் இழிவு இல்லை. உதவியே கேட்காமல் வைராக்கியமாக இருப்பதை ஆண்மை என்று நினைக்கும் வழக்கம் எத்தனையோ குடும்பங்களைக் கந்துவட்டியில் தள்ளியிருக்கிறது. அண்ணாச்சி, இந்த மாதம் முடியவில்லை என்று நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லும் துணிவு, தனியாகத் தாங்கிக்கொள்ளும் துணிவைவிடக் குடும்பத்துக்குப் பயன்படும்.

இனி மிகக் கடினமான மறுப்பு. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்கள் உட்படப் பதினேழு பேர் இறந்தார்கள். கூலிப் பிரச்சினையில் தொடங்கியது அந்தப் போராட்டம். 2024-இல் அந்தத் தோட்டமே மூடப்படும் நிலைக்கு வந்து, தலைமுறைகளாக மலையில் வாழ்ந்த குடும்பங்கள் இறங்கவேண்டியதாயிற்று. இவர்களிடம் போய் மனப்பாங்கைப் பற்றிப் பேசலாமா? அநீதியைத் தனிமனிதக் குறையாக மாற்றிவிடும் தந்திரமல்லவா இது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் எந்த வழிகாட்டி நூலும் நம்பத் தகுந்ததல்ல. பதிலுக்கு அமெரிக்கக் கறுப்பின மாணவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு உதவுகிறது. பட்ரீசியா குரினும் சகாக்களும் 1969-இல் வெளியிட்ட அதில், இரண்டு நம்பிக்கைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று, என் வாழ்க்கையில் என் முயற்சியால் மாற்றம் வரும் என்பது. மற்றொன்று, எங்கள் மக்களின் நிலைக்குக் காரணம் எங்கள் குறையா, எங்களைச் சுற்றியுள்ள அமைப்பா என்பது. தன் முயற்சியை நம்பியவர்களிடம் படிப்பிலும் வேலையிலும் உயர்ந்த நோக்கங்கள் இருந்தன. அமைப்பே காரணம் என்று தெளிந்தவர்கள் கூட்டுப் போராட்டத்தில் இறங்க அதிகம் தயாராக இருந்தார்கள். இரண்டையும் ஒருவரே நம்ப முடியும். ‘என்னால் முடியும்’ என்பதும் ‘இது என் குற்றமல்ல’ என்பதும் ஒன்றையொன்று வெட்டவில்லை. சுயமுன்னேற்றப் பேச்சு முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. மேடைப் பேச்சு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. மலையிலிருந்து இறக்கப்பட்ட தொழிலாளி தன்னையே நொந்துகொள்ளவும் வேண்டாம், இனி ஒன்றும் இல்லை என்று சாயவும் வேண்டாம். மாற்று நிலமும் வீடும் கேட்டு வழக்காடுவது ஒரு பங்கு. மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் இருப்பது இன்னொரு பங்கு.

எல்லாம் தலையெழுத்து என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அப்படிச் சொல்பவர்களும் வயிற்றுவலி வந்தால் மருந்துக் கடைக்குப் போகிறார்கள். மகளுக்கு வரன் தேடும்போது பத்து இடம் விசாரிக்கிறார்கள். விதியின் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாததால், நம் பங்கைச் செய்துவிட்டுத்தான் அதைப் பற்றிப் பேச முடியும்.

இந்த அத்தியாயம் சொன்ன எதுவும் செல்லாத ஓர் இடம் இருக்கிறது. 1908-இல் அண்ணனுக்குக் கிடைத்த தண்டனையைக் கேட்ட அதிர்ச்சியில் சிதம்பரம் பிள்ளையின் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். ஒரே வீட்டில் வளர்ந்த இருவர்; ஒரே துயரம். ஒருவர் சிறையிலிருந்து நூல் எழுதினார், மற்றவரின் மனம் முறிந்தது. தம்பியின் எண்ணம் சரியில்லை என்று நெஞ்சில் ஈரமுள்ள யாரும் சொல்ல மாட்டார்கள். அது நோய். இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கம் கெட்டு, பசியற்று, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்து வந்து போனாலோ, ஐந்து வரி நாட்குறிப்பை வைத்து அதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் இப்படி ஒருவர் இருப்பது உங்களுக்குத் தெரிந்தால், புத்தி சொல்லத் தொடங்காமல் அவரோடு மருத்துவமனை வரை கூடவே போங்கள். மருந்து எழுதிக் கொடுத்தால் அடுத்த தேதிக்கும் கூடப் போங்கள்.